முதல் கட்டண விமானம்: சிமுலேட்டருக்கு ஏர்லைனர் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக ஒரு ஏர்லைனரை, அதாவது பெரிய பயணிகள் விமானத்தை, காசு கொடுத்து வாங்கி, டவுன்லோட் செய்து, நிறுவி, காக்பிட்டில் போய் உட்கார்ந்த முதல் மாலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாத் திரையும் கறுப்பாக இருக்கும். ஒரு விளக்குகூட எரியாது. சிமுலேட்டரோடு வந்த விமானத்தில் ஒரு குறுக்கு விசையை அழுத்தினால் இன்ஜின் தானாக ஓடத் தொடங்கியிருக்கும். இங்கே அந்த வித்தை பெரும்பாலும் செல்லாது. தலைக்கு மேலே இருக்கும் பலகையில் பேட்டரி சுவிட்ச் எங்கே என்று தேடவே ஐந்து நிமிடம் போய்விடும். இந்த இடத்தில் சிலருக்குக் கை பரபரக்கும். சிலருக்கு ‘இதற்கா காசு கொடுத்தேன்’ என்று இருக்கும். இரண்டுமே நியாயமான உணர்வுதான். ஆனால் நாம் எந்தப் பக்கம் என்பது காசு கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரியவில்லை. நான் முதலில் வாங்கியது பெரிய, நீண்டதூர ஜெட். பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியது. வார நாளில் எனக்குக் கிடைப்பதோ இரண்டு மணி நேரம். ஆறு மாதத்தில் அதை நான்கே முறைதான் தரையிறக்கினேன். இன்னொரு முறை, இறங்கத் தொடங்க வேண்டிய புள்ளியைத் தாண்டி விமானம் அதே உயரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தேன். விமானத்தின் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. அருமையான தயாரிப்பு. என் மாலைப் பொழுதுக்குத்தான் அது பொருந்தவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் ‘எந்த விமானம் சிறந்தது’ என்ற கேள்வி கடைசிப் பக்கமாகத்தான் வரும். அதற்கு முன்னால் உங்கள் நேரம், உங்கள் மேசை, உங்கள் கணினி ஆகிய மூன்றையும் பார்த்துவிடுவோம். அது முடிந்தால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று பெயர்களாகச் சுருங்கிவிடும்.

படி 1: இலவசமானதை முழுசாக ஓட்டிப் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320நியோவின் இலவச வடிவம். சில வருடங்களுக்கு முன்பு இந்த ஆழத்துக்குக் காசு வாங்கியிருப்பார்கள். அதே குழு 2024இல் ஏ380ஐயும் இலவசமாக வெளியிட்டது. 2022 நவம்பரில் வந்த அந்தச் சிமுலேட்டரின் 40ஆம் ஆண்டு பதிப்போடு ஐனிபில்ட்ஸ் நிறுவனம் செய்த ஏ310உம் சேர்ந்து வந்தது. பழைய பாணி ஏர்பஸ் பிடிக்குமென்றால் அதை அவசியம் தொட்டுப் பாருங்கள். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜீபோ 737 உண்டு. சிமுலேட்டரோடு வரும் 737-800ஐ எடுத்து, வருடக்கணக்காகச் செதுக்கி வளர்த்த இலவச விமானம் அது. அதை வைத்துக்கொண்டு வேறெதுவும் வாங்காமலே இருப்பவர்கள் ஏராளம்.

இவற்றில் ஒன்றை எடுத்து, இன்ஜின் ஓடும் நிலையில் ஓடுபாதையிலிருந்து கிளம்பாமல், கேட்டில் (பயணிகள் ஏறும் இடத்தில்) எல்லாம் அணைந்திருக்கும் நிலையில் தொடங்குங்கள். இதை ‘கோல்ட் அண்ட் டார்க்’ என்பார்கள். அங்கிருந்து இன்னொரு விமான நிலையத்தின் கேட்டில் போய் நிறுத்தி அணைக்கும் வரை மூன்று முழுப் பயணம் போய் வாருங்கள். வீடியோ பார்த்துக்கொண்டே செய்தாலும் தவறில்லை.

மூன்றாவது பயணம் முடிந்ததும் உங்களையே கவனியுங்கள். தரையில் செய்த தயாரிப்பு வேலை சலிப்பாக இருந்ததா, இல்லை அதுதான் சுவையாக இருந்ததா? மலைகளையும் கடற்கரையையும் பார்த்துக்கொண்டு தாழ்வாகப் பறந்ததுதான் பிடித்தது என்றால், உங்கள் காசு சின்ன விமானங்களுக்குப் போகட்டும். ஜெட் ஏர்லைனரில் பயணத்தின் பெரும்பகுதி முப்பதாயிரம் அடிக்கு மேலே கழியும். அங்கிருந்து பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுதான்.

இலவச விமானத்தில் எந்த இடத்தில் உங்களுக்குப் போதவில்லை என்று பட்டது என்பதையும் குறித்து வையுங்கள். சத்தமா, கைக்குக் கிடைக்கும் உணர்வா, ஒரு கோளாறை வரவழைத்துச் சமாளித்துப் பார்க்க வழியில்லாததா? இல்லை, வேறு ரக விமானமே வேண்டும் என்று தோன்றியதா? ‘போதவில்லை’ என்று ஒன்றுமே தோன்றவில்லை என்றால் வாங்க அவசரமில்லை. இதைச் சொல்லும்போது என் பேச்சை நான் கேட்டிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

படி 2: நேரக் கணக்கு

ஒரு மணி நேரம் வானத்தில் இருக்கும் பயணம் உங்கள் நாற்காலியில் ஒரு மணி நேரத்தில் முடியாது. சிம்பிரீஃப் என்ற இணையதளத்தில் பயணத் திட்டம் போட ஐந்து பத்து நிமிடம். காக்பிட் தயாரிப்பு, பழகாத கைக்கு அரை மணி நேரம். பின்னால் தள்ளிவிட்டு, இன்ஜின் ஓட்டி, ஓடுபாதை வரை டேக்சி செய்ய (தரையில் ஊர்ந்து போக) ஒரு கால் மணி நேரம். தரையிறங்கிய பிறகு கேட்டுக்குப் போய் அணைக்கப் பத்து நிமிடம். ஆக, ஒரு மணி நேரம் என்பது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகிவிடும். நடுவில் ஏதாவது புரியாமல் நின்றால் இன்னும் கூடும்.

வாரத்துக்கு இரண்டு மாலை, தலா இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் உங்களுக்கானது குறுந்தூர விமானம். ஏர்பஸ் ஏ320, போயிங் 737, அவற்றைவிடச் சிறிய ஏடிஆர், சிஆர்ஜே, பிஏஇ 146 இந்த ரகம். ஒரே மாலையில் புறப்பாடும் தரையிறக்கமும் இரண்டும் கிடைக்கும். கற்றுக்கொள்பவருக்கு வேண்டியதும் அவை இரண்டும்தான். நடுவில் உள்ள சமதளப் பயணம் அதிகம் கற்றுத் தருவதில்லை.

நீண்டதூர விமானம் வாங்குகிறவர்கள் பலரும் சொல்லும் காரணம், ‘இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன், காலையில் எழுந்து இறக்குவேன்’. நடக்கும். இறங்கு புள்ளிக்கு முன்பே சிமுலேஷன் தானாக நிற்கும் வசதியும் நிறைய விமானங்களில் இருக்கிறது. ஆனால் வாட்சிம் போன்ற இணைய வலையமைப்பில், உண்மையான மனிதர்கள் கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்திருக்கும் இடத்தில், விமானத்தை அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விட அனுமதி கிடையாது. வாரக் கடைசி முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது, பெருங்கடலைக் கடப்பதில்தான் ஆசை என்றால் தாராளமாக 777 பக்கம் போங்கள். அதையே இரண்டாவது விமானமாக வாங்கினால் இன்னும் நன்றாக ரசிப்பீர்கள் என்பது என் எண்ணம்.

படி 3: மேசை மேல் என்ன இருக்கிறது

மதிப்புரைகளில் அதிகம் பேசப்படாத விஷயம் இது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம்.

உங்களிடம் இருப்பது ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை நடுவுக்கு இழுத்துவிடும். ஏ320இன் விமானியும் ஏறக்குறைய இதைத்தான் பிடித்திருக்கிறார்: பக்கவாட்டில் ஒரு சைட்ஸ்டிக், விட்டால் நடுவுக்கு வந்துவிடும். அதை அசைப்பது இறக்கையின் பகுதிகளை நேரடியாக அசைப்பதாகாது. ‘இவ்வளவு வேகத்தில் சாய், இவ்வளவு மேலே வளை’ என்று கணினியிடம் கேட்பது. 25 டிகிரி சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் விமானம் அந்தச் சாய்விலேயே நிற்கும். 33 டிகிரியைத் தாண்டிச் சாய்த்துவிட்டு விட்டால் தானாக 33க்குத் திரும்பும். ட்ரிம்மை (கையின் அழுத்தம் இல்லாமலே மூக்கு நிலையாக நிற்கும்படி செய்யும் சரிசெய்தலை) அதுவே பார்த்துக்கொள்ளும். நிஜத்தில் 1987இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் இயல்பு, வீட்டு ஜாய்ஸ்டிக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

737 வேறு பிறவி. அதன் முதல் பறத்தல் 1967இல்; அடிப்படையில் இன்றும் யோக் (ஸ்டீயரிங் போன்ற பிடி) பிடித்து, ட்ரிம் செய்து ஓட்டுகிற விமானம். வேகம் மாறினால் ட்ரிம், ஃபிளாப் (இறக்கையின் பின் விளிம்பில் உள்ள மடிப்பு) இறக்கினால் ட்ரிம், சக்தியைக் கூட்டினால் இறக்கைக்குக் கீழே தொங்கும் இன்ஜின்கள் மூக்கை மேலே தள்ளும், அதற்கும் ட்ரிம். ட்ரிம்முக்கு இரண்டு பொத்தான்களைக் கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் ஒதுக்காமல் 737 ஓட்டினால் கை வலிக்கும், தரையிறக்கமும் ஊஞ்சல் ஆடும். முறை எளிதானது: மூக்கை வேண்டிய இடத்தில் ஜாய்ஸ்டிக்கால் பிடித்துக்கொள்ளுங்கள், கையின் அழுத்தம் தேவைப்படாத வரை ட்ரிம்மை விட்டு விட்டுத் தட்டுங்கள். இது பழகிவிட்டால் வரும் திருப்தி ஏர்பஸ்ஸில் கிடைக்காது. ஆனால் பழகும் வரை பொறுமை வேண்டும்.

இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லீவரின் கதை இதைவிடச் சுவாரசியம். 737இல் ஆட்டோத்ராட்டில் லீவர்களைத் தானே முன்னும் பின்னும் நகர்த்தும். திரையில் உள்ள லீவர் நகரும். உங்கள் மேசை மேல் இருக்கும் பிளாஸ்டிக் லீவர் நகராது. புறப்படும்போது அதை முக்கால் தூரத்தில் விட்டிருந்தீர்கள் என்று வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து, ஓடுபாதை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது ஆட்டோத்ராட்டிலை விடுவிக்கிறீர்கள். விமானம் உங்கள் பிளாஸ்டிக் லீவரைப் பார்க்கிறது. அது முக்கால் சக்தி கேட்கிறது. இன்ஜின் உறுமுகிறது, மூக்கு தூக்குகிறது, நீங்கள் பதறுகிறீர்கள். இதைத் தவிர்க்க, விடுவிக்கும் முன் மேசை லீவரைத் திரையிலுள்ள லீவரோடு சமமாக்கும் பழக்கம் வேண்டும். லீவர் எப்போது விமானத்துக்குக் கட்டளையிடலாம் என்பதைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பும் நல்ல ஆட்-ஆன்களில் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமானங்களில்) இருக்கும்.

ஏர்பஸ்ஸில் லீவர்கள் நகரவே நகராது. புறப்பாட்டுக்கு ஃப்ளெக்ஸ் (குறைத்த சக்தி) அல்லது டோகா (முழுச் சக்தி) பள்ளத்துக்கு, அதாவது லீவர் பதிந்து நிற்கும் இடத்துக்கு, தள்ளுவீர்கள். ஓடுபாதையை விட்டு மேலே வந்ததும் முன் திரையின் உச்சியில் ‘எல்விஆர் சிஎல்பி’ என்று மின்னும். லீவரைப் பின்னால் இழுத்து க்ளைம்ப் பள்ளத்தில் வைப்பீர்கள். அவ்வளவுதான். தரையிலிருந்து இருபது அடி உயரத்தில் ‘ரிடார்ட்’ (சக்தியைக் குறை) என்று விமானம் குரல் கொடுக்கும் வரை லீவர் அங்கேயே இருக்கும். மலிவான, மோட்டார் இல்லாத வீட்டு லீவருக்கு இதைவிடத் தோதான அமைப்பு வேறு இல்லை.

ஆகவே ஜாய்ஸ்டிக் வைத்திருப்பவர் ஏர்பஸ்ஸில் தொடங்குவது இயல்பு. யோக்கும் தனி த்ராட்டிலும் ஏற்கெனவே மேசையில் இருந்தால் போயிங். இரண்டும் இல்லாமல் கேம் கன்ட்ரோலர் மட்டும்தான் என்றால், அதிலும் ஏர்பஸ்ஸே கைக்கு அடங்கும்.

சுட்டியால் குமிழ் திருப்புவதும் ஒரு கலை. ஏர்பஸ்ஸின் வேகம், திசை, உயரக் குமிழ்களைத் திருப்புவதோடு அழுத்தவும் இழுக்கவும் வேண்டும். அழுத்தினால் கணினி போட்ட திட்டப்படி விமானம் போகும். இழுத்தால் நீங்கள் திருப்பி வைத்த எண்ணுக்குப் போகும். இந்த இரண்டும் சுட்டியில் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வாங்கும் முன் ஒரு வீடியோவில் பார்த்துவிடுங்கள்.

படி 4: கணினி தாங்குமா

ஆழமான ஏர்லைனர் என்பது ஆறு டிஜிட்டல் திரை, நூற்றுக்கணக்கான சுவிட்ச், பின்னால் ஓடும் மின்சார, ஹைட்ராலிக், எரிபொருள் கணக்கு எல்லாம் சேர்ந்தது. சிமுலேட்டரோடு வந்த விமானத்தில் கிடைக்கும் ஃபிரேம் ரேட் இதில் கிடைக்காது.

சோதனை எளிது. உங்களிடம் உள்ளதிலேயே கனமான பெரிய விமான நிலையத்தில், போக்குவரத்தையும் மேகத்தையும் வழக்கமான அளவில் வைத்து, படி 1இல் சொன்ன இலவச ஏர்லைனரை நிறுத்துங்கள். அங்கே நொடிக்கு 30 ஃபிரேமுக்குக் கீழே போகிறது என்றால் இன்னும் ஆழமான விமானம் உங்களை வருத்தும். தரையிறங்கும் கடைசி ஐம்பது அடியில் படம் விக்கினால் எந்தத் திறமையும் உதவாது. முதலில் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகம் நிரம்புகிறதா என்று பாருங்கள். அது நிரம்பினால் மற்றவை சரியாக இருந்தும் திணறும். டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படங்களின்) அளவை ஒரு படி குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வன்தட்டு இடத்தையும் பாருங்கள். ஒரே விமானம் பல ஜிகாபைட் பிடிக்கும், அதன் மேல் நீங்கள் சேர்க்கப்போகும் விமான நிறுவனங்களின் வண்ணங்கள் வேறு.

எக்ஸ்பாக்ஸில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: சில விமானங்கள் தங்கள் கணக்குகளைச் சிமுலேட்டருக்கு வெளியே தனி நிரலாக ஓட்டுகின்றன. ஃபீனிக்ஸ் ஏ320 அப்படி உருவானதுதான்; புரோசிம் என்ற பயிற்சி மென்பொருள் அதன் உள்ளே இயங்குகிறது. இந்த வகைக் கட்டமைப்பு கன்சோலுக்கு ஒத்துவராது. கன்சோல்காரர்கள் சிமுலேட்டரின் சொந்தக் கடையில் ‘எக்ஸ்பாக்ஸ்’ என்று தெளிவாகக் குறித்தவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

படி 5: ஆழம் என்றால் என்ன

‘ஸ்டடி லெவல்’ (நிஜ விமானத்தைப் பயிலும் அளவுக்கு நுணுக்கமானது) என்ற சொல்லை எல்லாக் கடைகளிலும் பார்ப்பீர்கள். அதற்கு யாரும் முத்திரை குத்துவதில்லை. விற்பவரே போட்டுக்கொள்ளும் பட்டம். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரு காட்சியைக் கவனிப்போம்: இன்ஜின் ஓட்டுவது.

737இல் முதலில் துணை இன்ஜினை ஓட்டி, அதன் காற்று வேண்டும் என்பதால் குளிரூட்டும் பேக்குகளை அணைப்பீர்கள். ஸ்டார்ட் சுவிட்சை ‘கிரவுண்ட்’ நிலைக்குத் திருப்புவீர்கள். என்2 என்ற சுழற்சி அளவு ஏறும். 25 சதவீதம் வரும் வரை காத்திருந்து, எரிபொருள் லீவரை மேலே தூக்குவீர்கள். வெப்ப அளவு எகிறுகிறதா, வரம்புக்குள் நிற்கிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பீர்கள். 56 சதவீதத்தில் ‘டக்’ என்று ஸ்டார்ட் சுவிட்ச் தானே பழைய இடத்துக்குத் திரும்பும். நல்ல ஆட்-ஆனில், பேக்கை அணைக்க மறந்திருந்தால் என்2 சோம்பிப் போய் ஏற மறுக்கும். பொறுக்காமல் 15 சதவீதத்திலேயே எரிபொருளைத் திறந்தால் வெப்பம் வரம்பைத் தாண்டும். மேலோட்டமான ஆட்-ஆனில் நீங்கள் என்ன செய்தாலும் இன்ஜின் ஓடிவிடும்.

ஏ320இல் இன்ஜின் பயன்முறைக் குமிழைத் திருப்பி, மாஸ்டர் சுவிட்சைத் தூக்கினால் போதும். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும், ஏதாவது தவறினால் அதுவே நிறுத்தியும் விடும். இதைப் பார்த்து ஏ320 ஆழமில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஆழம் வேறு இடத்தில் இருக்கிறது: ஏதாவது அமைப்புகள் பழுதானால் எவையெல்லாம் செயலிழக்கும், கணினி விமானத்தை ஓட்டும் விதி எப்படி மாறும், திரையில் என்ன வரிசையில் என்ன செய்யச் சொல்லும் என்பதில்.

முதல் விமானத்துக்கு இவ்வளவும் கட்டாயமா என்று கேட்டால், கட்டாயமில்லை. ஆனால் மூன்று விஷயங்களில் சமரசம் வேண்டாம். ஒன்று, பறக்கும் கணினியில் (பாதையைக் கணக்கிட்டு விமானத்தை வழிநடத்தும் கணினியில்) முழுப் பாதையையும் ஏற்ற முடிய வேண்டும், இறங்கும் பாதையை அது நம்பும்படி கணக்கிட வேண்டும். இரண்டு, கையால் ஓட்டும்போது எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற நடத்தை இருக்க வேண்டும். மூன்று, எங்கே பயணத்தை நிறுத்தினீர்களோ அங்கிருந்து தொடர முடிய வேண்டும், அல்லது குறைந்தபட்சம் தயாரான நிலையில் காக்பிட்டைத் திறக்கும் வசதி இருக்க வேண்டும். மூன்றாவதைச் சிலர் சலுகை என்று இளக்காரமாகப் பேசுவார்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் அவர்களுக்கும் அதன் அருமை தெரியும்.

படி 6: இப்போது பெயர்கள்

முதல் கேள்வி, எந்த சிமுலேட்டர். ஆட்-ஆன் என்பது அதற்கென்று எழுதப்பட்டது. ஒன்றுக்கு வாங்கினது மற்றதில் ஓடாது.

மைக்ரோசாஃப்ட் பக்கம் 2022 மே மாதம் மறக்க முடியாதது. பிஎம்டிஜி நிறுவனத்தின் 737-700உம் ஃபீனிக்ஸின் ஏ320உம் அந்த ஒரே மாதத்தில் வெளிவந்தன. இன்றைக்கும் முதல் கட்டண விமானம் என்று பேச்செடுத்தால் சுற்றிச் சுற்றி இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். படி 3இல் எந்தப் பக்கம் சாய்ந்தீர்களோ அதையே எடுங்கள். ஏற்கெனவே இலவச ஏ32என்எக்ஸை ஆறு மாதம் ஓட்டியவர் ஃபீனிக்ஸ் வாங்கினால் கற்றது வீணாகாது, முதல் நாளே கேட்டிலிருந்து கிளம்பிவிடலாம். ஆனால் ‘வேறு ஏதாவது வேண்டும்’ என்ற தாகமே வாங்கத் தூண்டியது என்றால் 737தான் அந்தத் தாகத்தைத் தீர்க்கும். ஏர்பஸ் தேவை இலவசத்திலேயே நிறைவேறியிருக்கும்போது இந்த இரண்டாவது வழியில் காசு நன்றாகச் செலவாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டுக்கும் வெளியே பார்க்கிற துணிச்சல் உள்ளவர்களுக்கு அருமையான பிராந்திய விமானங்கள் இருக்கின்றன. ஏரோசாஃப்டின் சிஆர்ஜே 2021இல் வந்தது. நிஜ சிஆர்ஜேவைப் போலவே அதில் ஆட்டோத்ராட்டில் கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் சக்தியை நீங்களே கவனிக்க வேண்டும். ஒரு மாதத்தில் விமானம் ஓட்டுவது என்றால் என்ன என்று புரிந்துவிடும். 2023இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஏடிஆர் 42/72 இன்னொன்று. துணை இன்ஜின் இல்லாத அந்த விமானத்தில், வலது இன்ஜினை ஓடவிட்டு அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, மின்சாரமும் காற்றும் எடுப்பார்கள். ‘ஹோட்டல் மோட்’ என்று பெயர். ஜஸ்ட் ஃப்ளைட்டின் 146 ஒரு விசித்திரப் பிறவி: நான்கு சிறு இன்ஜின், எதிர்த்திசை உந்துதல் கிடையாது, வாலில் இரண்டாகப் பிளந்து விரியும் ஏர்பிரேக். அதைக் கொண்டு லண்டன் சிட்டி விமான நிலையத்தின் 5.5 டிகிரி செங்குத்துச் சரிவில் இறங்கிப் பார்த்தால், வழக்கமான 3 டிகிரி எவ்வளவு சாவகாசமானது என்று தெரியும்.

எக்ஸ்-பிளேன் 12 பக்கம் ஏர்பஸ் என்றால் டோலிஸ் நிறுவனம். ஏ319, ஏ320, ஏ321 தனித்தனியாகக் கிடைக்கும். நடுவில் சேமித்துவிட்டு அதே இடத்திலிருந்து தொடரும் வசதி அதில் நேர்த்தியாக இருக்கும். அங்கே 737க்குக் காசு கொடுக்க அவசியமே இல்லை, ஜீபோ இருக்கிறது.

படி 7: மதிப்புரையை எப்படிப் படிப்பது

வெளியான வாரத்தில் வரும் வீடியோக்களைத் தள்ளி வையுங்கள். அப்போது எல்லாரும் காக்பிட்டின் கீறலையும் தூசியையும் வியந்துகொண்டிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து வந்தவற்றைத் தேடுங்கள். அப்போதுதான் இறங்குபாதைக் கணக்கில் உள்ள பிழை, நீண்ட பயணத்தின் முடிவில் நிரல் முடங்குவது போன்றவை வெளியே வந்திருக்கும். வெட்டாத, பேச்சில்லாத முழுப் பயண வீடியோ ஒன்றைப் பார்ப்பது பத்து மதிப்புரைக்குச் சமம். இறங்கத் தொடங்கியதிலிருந்து ஓடுபாதையைத் தொடும் வரை மட்டும் பாருங்கள். வேகம் நிலையாக இருக்கிறதா, விமானம் திட்டமிட்ட உயரத்தில் புள்ளிகளைக் கடக்கிறதா, ஓட்டுபவர் எத்தனை முறை தலையிட்டுச் சரிசெய்கிறார் என்பதையெல்லாம் கவனியுங்கள்.

அப்புறம் தயாரிப்பாளரின் மாற்றப் பட்டியல். கடைசிப் புதுப்பிப்பு எப்போது வந்தது, அதற்கு முந்தையது எப்போது என்று பாருங்கள். ஃபீனிக்ஸ் 2024இல் இன்ஜின் கணக்கையே புதிதாக எழுதி, இன்னொரு வகை இன்ஜினையும் சேர்த்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. இப்படிப்பட்ட வரலாறு உள்ளவரிடம் வாங்குவது மேல். இரண்டு வருடமாக அசையாத பட்டியல் என்றால், சிமுலேட்டரின் அடுத்த பெரிய புதுப்பிப்பில் அந்த விமானம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 8: எங்கே, எப்போது வாங்குவது

தயாரிப்பாளரின் சொந்தக் கடையில் வாங்கினால் புதுப்பிப்பு உடனே வரும், பிரச்சினை என்றால் நேரடியாகக் கேட்கலாம். சிமுலேட்டருக்குள் இருக்கும் கடையில் வாங்கினால் நிறுவுவது சுலபம், ஆனால் புதுப்பிப்பு சோதனையைத் தாண்டி வர நாளாகும். கணினியில் ஓட்டுபவர்களுக்கு முதலாவதே நல்லது.

காசைத் திரும்பக் கேட்கும் விதியை வாங்கும் முன் படியுங்கள். டவுன்லோட் செய்ததும் திருப்ப முடியாது என்பதுதான் பெரும்பாலான இடங்களில் விதி. எத்தனை கணினியில் நிறுவலாம் என்பதையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2020, 2024 என இரண்டு பதிப்பு இருப்பதால், நீங்கள் வாங்குவது எதற்கு, மற்றதற்கு மாற இன்னொரு கட்டணம் உண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்கும் வரை கார்டை வெளியே எடுக்காதீர்கள்.

ஒரே விமானத்தின் நான்கு நீளங்களை ஒரு தொகுப்பாகக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஒன்றை மட்டும் வாங்குங்கள். 737-800 போதும், -600உம் -900உம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆண்டு முடிவையொட்டித் தள்ளுபடி வருவது வழக்கம். அதற்குள் இலவசத்தில் இன்னும் இருபது பயணம் போகலாம்.

படி 9: வாங்கிய முதல் வாரம்

நிறுவியதும் பறக்காதீர்கள். முதலில் கட்டுப்பாடுகளைச் சீராக்குங்கள். ஏர்பஸ் என்றால் த்ராட்டிலின் ஐந்து பள்ளங்களையும் விமானத்துக்குள்ளேயே இருக்கும் டேப்லெட்டில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். இதைச் செய்யாமல் ‘ஆட்டோத்ரஸ்ட் (ஏர்பஸ்ஸின் ஆட்டோத்ராட்டில்) வேலை செய்யவில்லை’ என்று புலம்புபவர்கள் எண்ணிக்கையில் அடங்காது. மேசை லீவர் க்ளைம்ப் பள்ளத்துக்கு ஒரு மயிரிழை முன்னே இருந்தால்கூட விமானம் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

சிம்பிரீஃப் கணக்கு எண்ணை அதே டேப்லெட்டில் கொடுத்தால் பாதை, எரிபொருள், எடை எல்லாம் தானாக வந்துவிடும். உலகின் வழிசெலுத்தல் தரவு 28 நாளுக்கு ஒரு முறை மாறுகிறது. அதற்கான சந்தா நேவிகிராஃப் என்ற நிறுவனத்தில் உண்டு. முதல் மாதமே அதற்கும் செலவழிக்க வேண்டாம். திட்டமும் விமானமும் வேறு வேறு காலத் தரவை வைத்திருந்தால் எப்போதாவது ‘நாட் இன் டேட்டாபேஸ்’ என்று பறக்கும் கணினி முறைக்கும். அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடுத்தால் வேலை நடந்துவிடும்.

முதல் பயணத்தை இன்ஜின் ஓடும் நிலையில், ஓடுபாதை முனையில் தொடங்குங்கள். மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஓடுபாதையில் இறங்குங்கள். ஆட்டோபைலட் இல்லாமல் ஐந்து முறை. விமானம் உங்கள் கைக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு, நாற்பது ஐம்பது நிமிடத் தொலைவில் உள்ள இரண்டு விமான நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டுக்கும் நடுவிலேயே போய் வந்துகொண்டிருங்கள். பாதை மாறாதபோது விமானம் மட்டுமே புதிது. நான்காவது முறை போகும்போது எங்கே இறங்கத் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் முதல் ஃபிளாப் என்பது கைக்கே தெரிந்துவிடும்.

அந்தப் பழக்கம் வந்த பிறகு, ஒரு விடுமுறை நாளில், எல்லாம் அணைந்த நிலையில் காக்பிட்டைத் திறங்கள். தேட வேண்டிய முதல் சுவிட்ச் 737இல் தலைக்கு மேல் பலகையின் இடது பாதியில், ஒரு சிறு மூடிக்குக் கீழே இருக்கும்; மூடியை இறக்கினாலே பேட்டரி ஆன் ஆகிவிடும். ஏ320இல் நடுவில், ‘பேட் 1’, ‘பேட் 2’ என்று இரண்டு பொத்தான்கள். அழுத்துவதற்கு முன் பக்கத்தில் மின்னும் எண் 25.5 வோல்ட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.